வேண்டாமண்ணையின் கோப்பிப் புரோகிராம்

டென்மார்க்கில் ஒரு கொம்பியூட்டருக்கு விருந்துபசாரம் படிப்பித்த ஒரே தமிழர் எங்கள் வேண்டாமண்ணைதான். இதை யாராவது மறுப்பதென்றால் நாங்கள் இருக்கிற இக்காஸ்ட் நகரத்துக்கு வந்து என்னோடு நேரிலேயே சண்டை பிடிக்கலாம். சனிக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பேன். வாசல் மணியை அடியுங்கள், கோப்பி தந்துவிட்டுச் சண்டையைத் தொடங்குகிறேன்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது கடவுச்சீட்டில் இருக்கும், வரி வாங்குகிற கந்தோருக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு அவர் வேண்டாமண்ணை. எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருகிற சொல் அதுதான். கலியாணவீட்டுப் பந்தியில் வடை வரும். இவர் இலைக்குக் குறுக்கே கையை வைத்து, முகத்தைச் சுளித்து, "ஐயோ வேண்டாம், வயித்திலை இடமில்லை" என்பார். கையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் விரல்கள் அகல விரிந்திருக்கும், சரியாக ஒரு வடை போகிற அளவுக்கு. பரிமாறுகிறவர் விஷயம் தெரிந்தவர் என்றால் விரலிடுக்கால் வடையைப் போட்டுவிட்டுப் போவார். தெரியாதவர் என்றால் அடுத்த இலைக்குப் போய்விடுவார். அன்றைக்கு மாப்பிள்ளை பெம்பிளையோடு படம் எடுக்கும்போதும் வேண்டாமண்ணையின் முகம் கோணலாகவே இருக்கும்.

இது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் உள்ள வியாதிதான், ஒத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்தவர் கேட்டவுடனேயே "ஓம், தாங்கோ" என்று சொன்னால், அவர் போனபிறகு நாங்கள் என்ன கதைப்போம் என்பது உங்களுக்கும் தெரியும். ஆகவே முதல் தரம் வேண்டாம். இரண்டாம் தரம் "உங்களுக்கு ஏன் கரைச்சல்". மூன்றாம் தரம் "சரி, அரைக் கப்". எங்களுக்கெல்லாம் இது தடிமன் காய்ச்சல் மாதிரி வந்து போகும். வேண்டாமண்ணைக்கு அது எலும்புக்குள் இறங்கிவிட்டது.

டெனிஷ்காரருக்கோ ஒரு கேள்விக்கு ஒரு பதில். வேண்டாம் என்றால் அவர்கள் அதை நம்பிவிடுவார்கள்! இப்படியும் ஒரு சனம் உலகத்தில் இருக்குமென்று வேண்டாமண்ணை கனவிலும் நினைக்கவில்லை. இக்காஸ்டில் தையல் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நடந்ததை அவர் எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தரமும் அது நேற்று நடந்த அநியாயம் மாதிரித்தான் இருக்கும்.

"தங்கச்சி, போர்மன் கோப்பிப் போத்தலோடை வந்து வேணுமோ எண்டு கேட்டவன். நான் மரியாதைக்கு வேண்டாமெண்டனான். அவன் சரியெண்டுபோட்டுப் போயிட்டான்!"

"பிறகு?"

"பிறகென்ன பிறகு? இன்னும் திரும்பி வரேல்லை!"

கடைசியில் தொழிற்சாலையையே பூட்டிவிட்டார்கள். அந்த இரண்டாவது கேள்வி மட்டும் வரவேயில்லை.

அதே தொழிற்சாலையில்தான் நானும் தைத்தேன். ஒருநாள் வேலை முடிந்து நல்ல மழை. இவருடைய சைக்கிள் பழுது. எங்களோடு வேலை செய்த ஒரு டெனிஷ்காரி காரை நிறுத்தி, "ஏறுங்கோ, வீட்டிலை விடுறன்" என்று கேட்டிருக்கிறாள். இவர் வேண்டாம் என்றார். அவள் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். அடுத்ததாக வந்த கார் என்னுடையது. கண்ணாடியை இறக்கி, "அண்ணை, ஏறுங்கோ" என்றேன்.

"வேண்டாம் தங்கச்சி, நான் நடந்து போறன். உடம்புக்கும் நல்லது."

அவர் நடக்க, நான் பக்கத்தில் காரை உருட்டிக்கொண்டே போனேன். பின்னால் ஒரு லொறி, அதற்குப் பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் அரைவாசி இக்காஸ்ட். லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான். இவரோ மூக்கு நுனியால் தண்ணீர் ஒழுக, "உங்களுக்கு ஏன் கரைச்சல்" என்கிற இடத்தில் நிற்கிறார். எனக்கு விசர் வந்துவிட்டது. "ஏறப்போறியளோ, இல்லாட்டி இறங்கி வரவோ?" என்று கத்தினேன். ஏறினார். ஏறி, இருக்கையை முழுக்க நனைத்து, பட்டியைக் கட்டிக்கொண்டு, "நீங்கள் இவ்வளவு வற்புறுத்தினபடியாலைதான்" என்றார்.

தொழிற்சாலை பூட்டியதும் வேலை போனவர்களையெல்லாம் கொமூன், அதாவது எங்கள் நகரசபை, ஆளுக்கொரு படிப்புக்கு அனுப்பியது. எனக்கும் வேண்டாமண்ணைக்கும் விழுந்தது கொம்பியூட்டர் புரோகிராம் எழுதுகிற படிப்பு. இவருக்கு அது எப்படி விழுந்ததென்றால், வேலைதேடும் கந்தோரில் ஆலோசகர் பெண், "சமையல் படிக்க விருப்பமா?" என்று கேட்டிருக்கிறார். விருப்பமென்றால் கொள்ளை விருப்பம். ஆனால் இவர் மரியாதைக்கு "வேண்டாம்" என்றிருக்கிறார். அந்தப் பெண் உடனே அடுத்த தாளைப் புரட்டிவிட்டார்.

எங்களுக்குப் படிப்பித்தவர் லார்ஸ் என்று ஒரு இளம் பெடியன், காதில் சின்ன வளையம். அவரை எல்லோரும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமென்று முதல் நாளே சொல்லிவிட்டார். வேண்டாமண்ணை கடைசிவரை "சேர்" என்றுதான் கூப்பிட்டார். வேண்டாமண்ணையின் டெனிஷை நான் இங்கே எங்கள் தமிழிலேயே தருகிறேன். டெனிஷிலும் அவர் அச்சொட்டாக இப்படித்தான் கதைப்பார்.

முதல் பயிற்சி வெகு சுலபம். புரோகிராம் பாவனையாளரிடம், அதாவது அதைப் பயன்படுத்துகிறவரிடம், வயதைக் கேட்க வேண்டும். பதினெட்டோ அதற்கு மேலோ என்றால் "உள்ளே வாருங்கள்" என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் "பிறகு வாருங்கள்". இப்படியென்றால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய். பாடம் அவ்வளவுதான். எல்லோரும் எழுதி முடித்தோம். வேண்டாமண்ணை தன்னுடையதைப் பரிசோதிக்க என்னைக் கூப்பிட்டார். நான் என் வயதை அடித்தேன். திரையில், "மெய்யாகவோ?" என்று வந்தது.

எனக்குக் காது சூடாகிவிட்டது. "ஓம்" என்று அடித்தேன். "சரி, நீங்கள் சொன்னால் சரிதான். உள்ளே வாருங்கள்" என்றது.

"அண்ணை, இதென்ன விசர் வேலை?"

"கோவிக்காதேங்கோ தங்கச்சி. வயசு கேட்டால் முதல் தரம் ஆர் உண்மை சொல்லுறது?"

"அப்ப, முதல் லார்ஸ் வந்து அடிச்சுப் பாக்கேக்கை ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"முப்பத்தைஞ்சுக்கும் அம்பதுக்கும் இடையிலை அடிச்சால் மட்டும்தான் அது திருப்பிக் கேக்கும். மற்றவைக்குப் பொய் சொல்ல ஒரு தேவையுமில்லை."

அடுத்த கிழமை கோப்பி இயந்திரப் பயிற்சி. இயந்திரம் "கோப்பி வேண்டுமா?" என்று கேட்க வேண்டும். ஆம் என்று அடித்தால் ஊற்ற வேண்டும், இல்லை என்று அடித்தால் "நன்றி, போய் வாருங்கள்". பலகையில் இதைப் பார்த்ததும் வேண்டாமண்ணை கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"சேர், ஒருக்கால் வேண்டாமெண்டு சொன்ன உடனை ஆளைக் கலைக்கிறதோ?"

லார்ஸ் பொறுமையாகச் சொன்னார்: "பாவனையாளர் பதில் சொல்லிவிட்டார். விஷயம் முடிந்தது."

"முடியேல்லை சேர். இப்பதான் தொடங்குது."

வீட்டுக்குப் போய் ஒரு புரோகிராமை எழுதிக்கொண்டு வந்தார் பாருங்கள், அப்படியொன்றை நான் பிறகு கண்டதில்லை. லார்ஸ் உட்கார்ந்து "இல்லை" என்று அடித்தார். "கொஞ்சமாவது?" என்று கேட்டது. இல்லை. "அரைக் கப்?" இல்லை. "அப்படியென்றால் தேத்தண்ணி?" இல்லை. "எங்களோடு ஏதும் கோபமோ?" அதற்கும் லார்ஸ் இல்லை என்று அடித்தார். "கோபமில்லையென்றால் குடிக்கலாமே!" என்று சொல்லிவிட்டு, அது முதலிலிருந்து கேட்கத் தொடங்கியது. கோப்பி குடிக்காமல் அந்தப் புரோகிராமை விட்டு வெளியே வர வழியே வைக்கவில்லை மனிசன். லார்ஸ் மடிக்கணினியின் மூடியைச் சாத்தித்தான் தப்பினார்.

ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நிபந்தனைக்குள் இன்னொரு நிபந்தனை, அதற்குள் மற்றொன்று என்று கோர்க்கிற வேலை எங்களுக்கெல்லாம் தலையிடி கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், இவர் அதை விளையாட்டாகச் செய்தார். அதற்காக இவரைப் பெரிய விண்ணனென்று நினைத்துவிடாதீர்கள். கூட்டல் கழித்தல் பயிற்சி கொடுத்தால் முழுசுவார். ஒரு கேள்வியை எத்தனை விதமாகத் திருப்பிக் கேட்கலாம் என்பது மட்டும்தான் தெரியும். ஆனால் அது நன்றாகத் தெரியும்.

பரீட்சை நெருங்கியது. இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஒரு புரோகிராம் செய்து காட்ட வேண்டும். என் அதிர்ஷ்டம், எனக்கு வாய்த்தது இவர். கோப்பிப் புரோகிராமையே திருத்திக் காட்டுவதென்று முடிவாயிற்று. லார்ஸ் தலையிட்டு நீண்ட பேச்சுவார்த்தை நடத்தி, மூன்றாம் முறையும் இல்லை என்றால் ஆளை விட்டுவிட வேண்டுமென்று இவரை ஒத்துக்கொள்ள வைத்தார். டெனிஷ் வசனங்களையும் நிறங்களையும் நான் பார்த்துக்கொண்டேன். நிபந்தனைகள் முழுக்க இவர்.

அந்த நேரத்தில்தான் ஆலோசகர் பெண் இவரைக் கூப்பிட்டு ஒரு செய்தி சொன்னார். பரீட்சை பாஸ் என்றால் பக்கத்து ஊரான ஹெர்னிங்கில் ஒரு கொம்பனியில் பயிற்சி வேலை. பெயில் என்றால் வடக்கே வெகுதூரத்தில், ஓல்போர்க் நகரத்துக்கும் அங்காலே, கடற்கரையில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை தயாராக இருக்கிறது, தங்க ஒரு அறையும் தருவார்கள், சனி ஞாயிறுக்கு மட்டும் வீட்டுக்கு வரலாம். மலரக்கா, வேண்டாமண்ணையின் மனைவி, இக்காஸ்டில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். அதை விட்டுவிட்டு அவர் இவரோடு போக முடியாது.

மலரக்கா எனக்குப் போன் எடுத்து அழுதார்.

"தங்கச்சி, இந்த மனிசன் அங்கை பட்டினி கிடந்தே செத்துப்போகும். ஆர் இவரை ரெண்டாம் தரம் கேக்கப்போகினம்?"

சிரிப்பு வந்தது. போனை வைத்தபிறகு சிரிப்பு வரவில்லை. அந்த அறையில் இவர் தனியாக இருந்து, யாராவது வந்து கதவைத் தட்டிக் கேட்பார்கள் என்று காத்துக்கொண்டிருப்பார். அது எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

பரீட்சையன்று காலையில் வாசலிலேயே பிடித்துச் சொன்னேன். "அண்ணை, கடவுளாணைச் சொல்லுறன். அவை ஒருக்கால்தான் கேப்பினம். கேட்ட உடனை ஓமெண்டு சொல்லிப்போடுங்கோ."

"எனக்குத் தெரியாதோ? நானென்ன குழந்தைப்பிள்ளையோ?"

உள்ளே லார்ஸும், வெளியிலிருந்து வந்த பரீட்சகரும் இருந்தார்கள். பரீட்சகர் ஒரு நரைத்த கட்டைமயிர் அம்மா, சிரிப்புக்கும் அவருக்கும் வெகுதூரம். மேசையில் அவர்களுக்காகக் கோப்பிப் போத்தலும், பாதாம் தூவிய கிரிங்கிள் என்கிற பெரிய இனிப்புப் பலகாரமும் வைத்திருந்தார்கள். பரீட்சகர் அம்மா புரோகிராமை ஓடவிட்டு "இல்லை" என்று அடித்தார். அது திருப்பிக் கேட்டது. மறுபடியும் இல்லை. மறுபடியும் கேட்டது. மூன்றாம் முறை இல்லை என்றதும், "சரி, ஆனால் எங்களுக்கு மனவருத்தம்தான்" என்று சொல்லி விட்டுவிட்டது.

அவர் புருவத்தை உயர்த்தினார். "பாவனையாளர் தெளிவாகப் பதில் சொன்னபிறகும் இது கேட்கிறதே. இது பிழையல்லவா?" என்று ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு வேண்டாமண்ணையைப் பார்த்து, "இந்த நிபந்தனைகளை எழுதியது நீங்களா?" என்று கேட்டார்.

நான் மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். லார்ஸ் ஓமென்று சொல்லச்சொல்லித் தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். மலரக்காவின் கண்ணீர், ஹெர்னிங் வேலை, மீன் தொழிற்சாலை எல்லாம் அந்த ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டு நிற்கிறது. வேண்டாமண்ணை வெட்கமாகச் சிரித்தார்.

"சீச்சீ, நானில்லை. எல்லாம் இந்தத் தங்கச்சிதான். நான் சும்மா பக்கத்திலை இருந்தனான்."

"நன்றி" என்று சொல்லி அந்த அம்மா எழுதத் தொடங்கினார். இவரோ, அடுத்த தரம் எப்போது கேட்பார் என்று வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்!

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எழும்பிவிட்டேன். "இவர் பொய் சொல்லுறார்!"

பேனை நின்றது. "பரீட்சையில் தனக்கு எதிராகவே ஒருவர் எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்?"

"பொய்யில்லை, மரியாதை. இல்லை, பொய்தான், ஆனால் மரியாதைக்காக." என் டெனிஷ் காலை வாரிவிட்டது. அப்போதுதான் அந்தப் பலகாரம் கண்ணில் பட்டது. "அம்மா, தயவுசெய்து ஒன்று செய்யுங்கோ. கிரிங்கிள் வேணுமோ எண்டு இவரைக் கேளுங்கோ."

அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் தட்டைத் தூக்கிக் கேட்டார்.

"வேண்டாம், நன்றி" என்றார் வேண்டாமண்ணை.

"திருப்பிக் கேளுங்கோ."

கேட்டார். "இப்பதான் சாப்பிட்டனான்" என்றார், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இன்னொருக்கால்."

"நிச்சயமாக வேண்டாமா?" என்று கேட்டார் அந்த அம்மா. வேண்டாமண்ணை நிலத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "சரி, நீங்கள் இவ்வளவு வற்புறுத்துறியள். ஒரு சின்னத் துண்டு." என்று சொல்லி, பாதாம் அதிகம் கிடந்த பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தார். அதைச் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்தால் காலையில் பச்சைத்தண்ணியும் குடிக்கவில்லை என்று யாருக்கும் விளங்கும்.

பரீட்சகர் அம்மா அவரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். திரும்ப அவரைப் பார்த்தார். லார்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அந்த அம்மா பேனையை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, புரோகிராமைப் பரிசோதிக்கிற அதே குரலில் கேட்டார்:

"இதை எழுதியது நீங்களா?"

"இல்லை இல்லை."

"கொஞ்சமாவது?"

"ஏதோ, ஒரு சின்ன உதவி."

"மெய்யாக?"

வாயில் ஒட்டியிருந்த சீனியைத் துடைத்துவிட்டு, வேண்டாமண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஓம். முழுக்க நான்தான். இவவுக்கு இதிலை ஒண்டும் தெரியாது."

பாருங்கள் நன்றியை! பரீட்சகர் அம்மா இப்போது என் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

"இல்லை! எனக்கு எல்லாம் தெரியும்!" என்று முதல் தரத்திலேயே கத்தினேன். ஆபத்து வந்தால் நானும் டெனிஷ்காரிதான். ஒவ்வொரு வரியையும் ஒப்புவித்தேன். மாதக்கணக்காக இந்த மனிசன் காதுக்குள் ஓதிய ஓதல், எனக்கு நித்திரையிலும் வரும். பிறகு வேண்டாமண்ணை வாயைத் திறந்தார். எந்த விருந்தாளி எந்தத் தரத்தில் இறங்கி வருவார், யாரை மூன்றோடு விட வேண்டும், யாரை விடவே கூடாது என்று விளங்கப்படுத்தத் தொடங்கினவர், அடுத்த சோடி வந்து கதவைத் தட்டும்வரை நிறுத்தவில்லை. நடுவில் அந்த அம்மாவுக்கு அவரே கோப்பி ஊற்றிக் கொடுத்தார். அவர் வேண்டாம் என்றார். விடுவாரா?

இரண்டு பேரும் பாஸ்.

வெளியே நடைபாதையில் நாங்கள் கொஞ்சத் தூரம் நடந்தோம். பாஸ் என்று எழுதிய தாளை அவர் மடிப்பதும் விரிப்பதுமாக வந்தார். கடைசியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார்:

"தங்கச்சி, நாலு பேருக்கு முன்னாலை என்னைப் பொய்யன் எண்டிட்டியள். மனவருத்தம்தான்."

"நான் சொல்லாட்டி நீங்கள் இப்ப மீன் தொழிற்சாலையிலை."

"போனால் போறன். மீன் வெட்டுறதும் ஒரு வேலைதானே. எனக்கென்ன, எனக்கு அங்கை ஒரு பிரச்சினையும் இல்லை."

பெரிய மனிசன், கண்ணைத் துடைக்க வெட்கப்பட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேலி செய்ய எனக்கு வாயில் ஆயிரம் வந்தது. வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"உங்களுக்குப் பிரச்சினையில்லை அண்ணை. எனக்குத்தான் ஏலாது. நீங்கள் போனால் எனக்கு இஞ்சை ஆர் இருக்கினம்? இஞ்சையே இருங்கோ."

அவர் அப்படியே நின்றுவிட்டார். சீச்சீ என்று சொல்லவில்லை, சிரித்து மழுப்பவில்லை. முதல் தரத்திலேயே "ஓம் தங்கச்சி" என்று சொன்னார். இன்றைக்கும் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். அங்கேயே இருக்கட்டும், எனக்கு அது போதும்.